ஏழாம் நம்பரின் ஃபவுல்கள்

எனக்குக் கோபம் வரும். பாளையங்கோட்டையில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். முப்பத்தொன்பது வருடம் வங்கிக் கவுண்டரில் இருந்தேன். டோக்கன் எடுக்காமல் முன்னால் வந்து நிற்பவர்களை நான் எப்படி விரட்டுவேன் என்று வண்ணார்பேட்டைக் கடைக்காரர்கள் நடித்தே காட்டுவார்கள். ஆனால் போன மாதம் வந்தது அந்த மாதிரிக் கோபம் இல்லை. அது யார் மேல் என்பதே எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் விளங்கியது.

எங்கள் கூடைப்பந்துக் கழகத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. செயலாளர் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை; கமிட்டியில் அவர் இல்லாத வருடமும் இல்லை. பொன்விழா மலரில் 'ஐம்பது வருடத்தின் தலைசிறந்த வீராங்கனை' என்று ஒருவருக்கு முழுப்பக்கப் படம் போட வேண்டும் என்றார் அவர். போட்டியில் இரண்டே பேர். எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தெட்டு வரை ஆடிய நாலாம் நம்பர் சாலோமி, அதாவது நான். இன்னொருத்தி ரீபா, இப்போது ஆடிக்கொண்டிருக்கிற பெண்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அமெரிக்க ஆட்டக்காரர்களில் ஜோர்டான் பெரியவரா லெப்ரான் பெரியவரா என்று உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்களே, அதே சண்டை எங்கள் கழகத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் நடந்தது. நான் சும்மா இருக்கவில்லை. நாங்கள் ஆடியது மண் தரையில். கோடு சுண்ணாம்புப் பொடி. இடைவேளைக்குள் பாதிக் கோடு எங்கள் கால்களில் ஒட்டியிருக்கும். மூன்று பாயிண்ட் கோடு என்ற ஒன்றே அப்போது எங்கள் மைதானத்தில் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். ரீபாவுக்குக் கண்ணாடி போர்டு, வழுக்காத தரை, ஒவ்வொரு சீசனுக்கும் புது ஷூ. இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது என்று சத்தம் போட்டேன்.

ரீபா லேசுப்பட்டவள் இல்லை. "சரிதான்க்கா. ஆனா ஒங்களுக்கு எதிர்ல நின்னவங்கள்ல எத்தன பேருக்கு இடது கையால பந்தத் தட்டிட்டு ஓடத் தெரியும்? எனக்கு எதிர்ல நிக்குத அஞ்சு பேருக்கும் தெரியும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது சுஜின் எழுந்தான். கழகத்தின் பழைய ஆட்டக்காரன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்த ஐம்பது வருட ஸ்கோர் ஷீட்டுகளை மூன்று மாதம் உட்கார்ந்து கணினியில் ஏற்றியிருந்தான். "ஆளுக்கு ஆள் ஒண்ணு சொல்லுவாங்க. ஷீட் பொய் சொல்லாதுல்லா. அதையே பாத்துருவோம்" என்று புரொஜெக்டர் வைத்துச் சுவரில் பட்டியலைப் போட்டான்.

சாலோமி, ஆட்டத்துக்குச் சராசரி 18.6. ரீபா, 17.9. மூன்று பாயிண்ட் கோடு இல்லாமலேயே நான் மேலே இருந்தேன். கைதட்டினார்கள். நான் ரீபாவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

சுஜின் அதோடு விடவில்லை. மலரில் ஒரு கலகலப்புப் பக்கமும் உண்டாம். பட்டியலின் கடைசிக்குப் போனான். ஏழாம் நம்பர், ஆவுடைத்தாய். நாற்பத்தோரு ஆட்டம், மொத்தம் ஐம்பத்திரண்டு பாயிண்ட், நூற்று எண்பத்தேழு ஃபவுல். "ஆட்டத்துக்கு நாலரைக்கு மேல! அஞ்சு ஃபவுல் ஆனா வெளிய போவணும்; இவங்க பாதி ஆட்டத்துல வெளியதான் இருந்திருப்பாங்க. நம்ம 'ஃபவுல் ராணி' இவங்கதான்" என்றான்.

"கூடைப்பந்துக்கு வந்தாளா, குஸ்திக்கு வந்தாளா?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆவுடைத்தாய் யார் என்று சொல்கிறேன். முக்கூடல்காரி. அப்பா வாழைத்தார் சுமப்பவர். ஒன்பதாம் வகுப்பில் பாளையங்கோட்டைக்கு வந்து இலவச விடுதியில் சேர்ந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரம், முழங்காலைத் தொடுகிற கைகள். முதல் இரண்டு வருடம் வெறுங்காலோடுதான் ஆடினாள். ரிங்குக்கு அடியில் விழுகிற பந்து, யார் போட்டதானாலும், அவள் கைக்குத்தான் போகும். எடுத்த பந்தை என் பக்கம் திரும்பிப் பார்க்காமலேயே என்னிடம் எறிவாள். நான் நின்று வாங்க வேண்டியதில்லை. நான் ஓடிச் சேரப்போகிற இடத்துக்குப் பந்து எனக்கு முன்பே வந்து காத்திருக்கும். என் சராசரி 18.6 என்று சுவரில் தெரிந்ததே, அதில் பதினைந்து பாயிண்டாவது அவள் கொடுத்தது. இப்போதெல்லாம் பாஸ் கொடுத்தால் எழுதுகிறார்கள், பந்தைப் பிடித்தால் எழுதுகிறார்கள். எங்கள் காலத்து ஷீட்டில் இரண்டே கட்டம்தான். ஒன்று பாயிண்ட், இன்னொன்று ஃபவுல்.

அந்த ஃபவுல் கதை வேறு. அப்போது ஒரு விதி இருந்தது. நடுவர் விசில் ஊதியதும், ஃபவுல் செய்தவர் ஸ்கோரர் மேஜையைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கி நிற்க வேண்டும். ஸ்கோரர் எழுதி முடிக்கும் வரை கையை இறக்கக் கூடாது. ரிங்குக்கு அடியில் ஆறு பேர் முட்டி மோதிக் கிடக்கும்போது யார் இடித்தார்கள் என்று நடுவருக்கே தெரியாது. எந்தக் கை மேலே போகிறதோ அந்த நம்பரை எழுதச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் கோச் கிருபைராஜ் சாருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் இப்போது உயிரோடு இல்லை. அதற்காக நான் மழுப்பப் போவதில்லை. "நாலு வெளிய போனா நாம மூட்டயக் கட்டிர வேண்டியதான். ஏழு, நீ தூக்கிரு" என்பார். மற்ற மூன்று பேரிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. அந்த மூன்று பேரின் அப்பாக்களும் ஆசிரியர்களோ குமாஸ்தாக்களோ, அவருக்குத் தெரிந்தவர்கள். வாழைத்தார் சுமக்கிறவர் பாளையங்கோட்டைக்கு வந்து எதையும் கேட்கப் போவதில்லை. நானும் ஒரு ஆசிரியரின் மகள். இடிப்பேன், விசில் கேட்கும், திரும்பிப் பார்ப்பேன். அவள் கை மேலே இருக்கும்.

எண்பத்து மூன்றில் நடந்த மாவட்ட இறுதிப் போட்டி. மாநில அணிக்கு ஆள் எடுப்பதற்குத் தேர்வுக் குழு வந்து உட்கார்ந்திருந்தது. மாநில அணிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். எங்கள் இரண்டு பேருக்குமே அதுதான் கனவு. முதல் பாதியிலேயே நான் ஐந்து முறை இடித்தேன். இரண்டுக்கு என் கையைத் தூக்கினேன். மூன்றுக்கு அவள் தூக்கினாள். அப்படி மூன்றைச் சுமந்துகொண்டு இரண்டாம் பாதி ஆடியவள், தன்னுடைய சொந்த ஃபவுல் இரண்டையும் செய்து, ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது வெளியே போய் உட்கார்ந்தாள். நான் இருபத்து நாலு பாயிண்ட் போட்டேன். ஜெயித்தோம். என்னை எடுத்தார்கள். அவளைப் பற்றித் தேர்வுக் குழுவில் ஒருவர், "ஏழு நல்லா ஆடுதா, ஆனா முரடு. ஷீட்ட பாருங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சான்றிதழ், வங்கி வேலை, ஓய்வூதியம். அவளுக்கு முக்கூடல்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சுஜினுக்குப் போன் செய்தேன். அந்த ஃபவுல் ராணியை எடுத்துவிடு என்றேன். "சும்மா ஜாலிக்குத்தான்க்கா. இல்லாததயா போட்டிருக்கோம்? மலரு நாளைக்கு அச்சுக்குப் போவுது" என்றான். ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டான். இரண்டாவது தடவையும் வாயைத் திறக்கவில்லை. அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தேன். எனக்குத் தெரிந்த கோபம் அவ்வளவுதான், அடுத்தவர் மேல் காட்டுகிற கோபம்.

மறுநாள் காலை பஸ் ஏறி முக்கூடல் போனேன். ஆவுடைத்தாய் அங்கே மாவு மில் வைத்திருக்கிறாள். நாலைந்து பெண்கள் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலை, புருவம் எல்லாம் மிளகாய்ப்பொடி படிந்து நின்றவள் என்னைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"என்னளா, வழி தப்பி வந்துட்டியா?"

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மிஷின நிப்பாட்டு."

"சனங்க நிக்காவ. அப்படியே சொல்லு."

அந்த இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஃபைனல்ல மொத பாதியில ஒம் பேர்ல எழுதுன மூணு ஃபவுலும் என்னுது!" வரிசையில் நின்ற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "எனக்கா சொல்லுதே? கையத் தூக்குனவ நான். எனக்குத் தெரியாதா? நாப்பத்திரெண்டு வருசம் கழிச்சு பஸ்ஸு ஏறி வந்து, தெரிஞ்சவகிட்டயே சொல்லுதா பாரு. தெரியாதவன்லாம் அங்கன பாளையங்கோட்டயில இருக்கான். அவங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் வராது."

மலரில் போடப்போவதைச் சொன்னேன். ஃபவுல் ராணி என்றதும் அவள் முகம் இறுகியது.

"மொத மொதல்ல தூக்குனது நானாத்தான்" என்றாள். "ஏதோ ஒரு லீக் மேட்ச்சு. நாலாவது ஃபவுல் ஆயிட்டுன்னு அழுவுத மொவத்தோட நீ நின்னே. பாக்கப் பொறுக்கல, தூக்கிட்டேன். ஒரு தடவ. ஒனக்காவ. பொறவு அந்தக் கோச்சு அத வழக்கமாக்கிட்டாரு, நீயும் பழகிக்கிட்டே. ஒரு நாளாவது, 'ஏட்டி, இது என்னுது, நீ கைய எறக்கு'ன்னு சொன்னியா?"

"மன்னிச்சுரு ஆவுட."

"அத வாங்கிட்டுப் போவத்தான வந்தே? இங்கன மாவும் மொளகாப்பொடியும்தான் அரைக்கோம். தள்ளி நில்லு, நெடி ஏறும்." மிஷினைப் போட்டுவிட்டு அடுத்த சட்டியை வாங்கினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எனக்கு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. கண்டக்டர் மேல் காட்டப் பார்த்தேன். அந்த ஆள் ஒரு தவறும் செய்யவில்லை. அப்போதுதான் விளங்கியது, சுஜினும் செய்யவில்லை, ரீபாவும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை விழா. மைதானத்திலேயே மேடை போட்டிருந்தார்கள். ஆவுடைத்தாய்க்கும் அழைப்பு போயிருந்தது, வரவில்லை. வருவாள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததே என் திமிர்தான். மலரை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். முழுப்பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சுஜின் ஸ்கோரர் மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து மைக்கில் பட்டியலைப் படித்தான். என் பெயருக்குக் கைதட்டல். கலகலப்புப் பக்கத்துக்கு வந்தான். "ஃபவுல் ராணி" என்றான். மைதானமே சிரித்தது.

நான் எழுந்தேன். மேஜையைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கினேன்.

"அக்கா, மைக் வேணுமா?"

"வேண்டாம். எழுது. எண்பத்து மூணு ஃபைனல். ஏழாம் நம்பருக்கு மொத பாதியில மூணு ஃபவுல் இருக்கா?"

அவன் தேடினான். "இருக்கு."

"அது மூணும் நான் செஞ்சது. அவ எனக்காவ கையத் தூக்குனா. அத எடுத்து நாலுக்குப் போடு."

சிரிப்பு நின்றது. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஏம்மா, எந்தக் காலத்துக் கத! விழாவ கெடுக்காதீங்க."

"அண்ணாச்சி, பைய உக்காருங்க" என்றேன். "எழுது சுஜின்."

அவன் குழப்பத்தோடு திரையைப் பார்த்தான். "அக்கா, நாலுக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இதயும் போட்டா அஞ்சாயிரும். அப்படின்னா ரெண்டாவது பாதி நீங்க ஆடியிருக்கவே முடியாது. அதுல பதினேழு பாயிண்ட் போட்டிருக்கீங்களே."

"அதயும் எடு."

"ஸ்டேட் டீம் செலக்சன்கூட அந்த ஆட்டத்துலதான..."

"ஆமா."

முன்வரிசையில் இருந்த ரீபா தன் மலரை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள். சுஜின் தட்டச்சு செய்யப் போனவன் நின்று, மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"வேற எத்தன மேட்ச்லக்கா இப்படி?"

"எனக்குத் தெரியாது. நான் எண்ணவே இல்ல. முக்கூடலுக்குப் போயி அவகிட்ட கேளு."

தோள் வலித்தது. அறுபத்தொரு வயதில் ஒரு கையை அவ்வளவு நேரம் தூக்கி நிற்பது லேசில்லை. அவன் எழுதி முடிக்கும் வரை நான் இறக்கவில்லை.