வெர்னா அழுத்திய முகம்

வெர்னாவை அடக்கம் செய்த பிறகு, சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் ஹாட்டிஷ் சாப்பாட்டுத் தட்டும் கையுமாக நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பற்றி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். எதற்கும் பதறாதவள் என்றார்கள். அவள் கணவர் ஆர்விட்டின் கையைப் பிடித்துக்கொண்டும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. வெர்னா பதறியிருக்கிறாள். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றி எழுதுவதானால் அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

டுலூத் நகரில் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தால் போனை எடுக்கும் அறையில், வெர்னா நியெமிக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்த வேலையில் முதல் கேள்வி எப்போதும் இடம்தான். என்ன நடந்தது என்பதெல்லாம் அப்புறம். வெர்னாவுக்கு அது ஊறிப்போயிருந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால்கூட, “அவசர உதவி, எந்த இடம்?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

“சமையலறை. பால் தீந்துபோச்சு” என்பார் ஆர்விட்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்: “பரவாயில்ல.” இதில் அவளைத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு குளிர்காலம் பனியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தபோது, “கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு” என்று சொல்லிவிட்டுத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். ஆஸ்பத்திரியில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை.

அடுத்தடுத்து இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதும், மேலிடத்தில் எங்கள் எல்லோருடைய போனிலும் ஒரு செயலியைப் போடச் சொன்னார்கள். மன அழுத்தத்தைக் குறைக்க. ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் அது, ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும். இடது கோடியில் அழுகிற முகம், வலது கோடியில் சிரிக்கிற முகம். ஒன்றை அழுத்தினால், ஒரு வட்டம் விரிந்து சுருங்க, ஒரு பெண் குரல் மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லும்.

“எனக்கு மூச்சு விடக் கத்துக்குடுக்கறதுக்கு ஒருத்தியா? இத்தனை வருஷமா நான் என்ன விட்டுக்கிட்டிருந்தேனாம்?” என்றாள் வெர்னா.

“சும்மா அமுக்குங்க வெர்னா” என்றான் டேல். எங்கள் சூப்பர்வைசர், அவளைவிட மிகவும் இளையவன். “எல்லாரும் தவறாம அமுக்கினா மாசக் கடைசியில பீட்சா.”

“அதுக்கு அழுவுற மூஞ்சிய அமுக்கணுமா, சிரிக்கிற மூஞ்சியையா?”

“எதையாவது அமுக்குங்க தாயே.”

அவள் நான்காவது முகத்தை அழுத்தினாள். லேசாகப் புன்னகைக்கிற, பரவாயில்லை என்கிற முகம். நானும் அதைத்தான் அழுத்தினேன். அறையில் அத்தனை பேரும் அதைத்தான் அழுத்தினார்கள். நன்றாக இருக்கிறோம் என்று சொல்லச்சொல்ல அந்தச் செயலியில் ஒரு மரம் வளரும், இலை விடும். பனி கொட்டுகிற ஜனவரியில் எங்கள் அறை மட்டும் காடாகிவிட்டது.

பிப்ரவரியில், உறைந்த ஏரியின் மேல் பனிவண்டி ஓட்டிப்போன ஒருவர் பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டார். கரையிலிருந்து அவர் மனைவி அழைத்தார். அழைப்பு வெர்னாவுக்கு வந்தது. “நீங்க பனி மேல கால் வைக்காதீங்க. என்கூடப் பேசிக்கிட்டே இருங்க” என்று தீயணைப்பு வண்டி போய்ச் சேரும்வரை அவள் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அந்த அம்மா கால் வைக்கவில்லை. ஆனால் அவர் கணவர் பிழைக்கவில்லை. வெர்னா விவரத்தைத் தட்டி முடித்து அடுத்த அழைப்பை எடுத்தாள். ஷிப்ட் முடிந்ததும் நான்காவது முகத்தை அழுத்தினாள். மரத்தில் இன்னொரு இலை வந்தது.

அதற்குப் பிறகு, மணி அடித்தால் அவள் வலது கை அழைப்பை எடுக்கும் பொத்தானுக்கு மேலே போய் அப்படியே நிற்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கணம்தான். போகப்போக அது நீண்டது. மறுமுனையில் இருப்பவருக்கு அந்தக் கணம் எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வெளியே சொன்னால் நாற்காலியிலிருந்து எழுப்பி ஆவணப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் கையால் ஒருவர் சாகலாம்.

“என்னடி ஆச்சு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பரவாயில்ல.”

அதற்குமேல் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

மார்ச்சில் ஒரு மதியம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. நான் என் மேசையிலிருந்து எடுத்தேன். குழந்தை எதையோ விழுங்கியிருந்தது, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பிவிட்டது. பேசி முடித்துத் திரும்பினேன். வெர்னா போனை மடியில் வைத்துக் குனிந்து எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள்.

உடனே என் போன் அதிர்ந்தது. ‘வெர்னா இப்போது நலமாக இல்லை. அவரோடு பேச முடியுமா?’

இடது கோடி முகத்தை, அழுகிற முகத்தை அழுத்தினால், நம்பிக்கையானவர் என்று நாம் பதிந்துவைத்தவருக்குச் செய்தி போகும். முதல் நாளே கொடுத்திருந்த விளக்கத்தை எங்களில் யாரும் படிக்கவில்லை. ஆர்விட்டின் எண் மனப்பாடமாக இல்லாததால் அவள் என் எண்ணைப் போட்டிருந்தாள். நான் ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் திரையைப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்துபோனாள்.

“அந்தச் சனியன் உன்கிட்டயா சொல்லுச்சு?”

“ஆமா.”

“நான் அதுகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அழைப்பவரிடம் கேட்பதுபோல, குரலை ஏற்றாமல் இறக்காமல், ஒவ்வொன்றாகக் கேட்பது.

“எப்பலேர்ந்து?”

“ஏரிக்கப்புறம்.”

“எது வேலை செய்யல?”

“கைதான். மணி அடிச்சா அந்தப் பொம்பள பனி மேல காலை வைக்கிற மாதிரி இருக்கு. அவ வைக்கவே இல்ல, கொலெட். தெரியும். ஆனாலும் அப்படித்தான் இருக்கு.”

“இப்ப யாராவது உன்கூட இருக்காங்களா?”

“நீதான இருக்கே, லூசு” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

டேலிடம் அவளே போய்ச் சொன்னாள். அவளை ஆவணப் பிரிவுக்குத்தான் மாற்றினார்கள். அவள் பயந்தது நடந்தது. ஊருக்குள் ஒரு மனநல ஆலோசகரிடமும் போய்வந்தாள். மதிய இடைவேளையில் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, செயலியின் வட்டத்தோடு மூச்சு விட்டாள். முகத்தை இப்போது உண்மையாக அழுத்தினாள். பல நாள் இரண்டாவது முகம், சில நாள் முதலாவது. ஒவ்வொரு முதலாவதுக்கும் என் போன் அதிர்ந்தது. நான் கீழே போய் அவள் வண்டியில் ஏறி உட்காருவேன்.

“எப்படியிருக்கு உன் மூச்சு டீச்சர்?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஒண்ணும் புரியறதில்ல. புருஷன் செத்தாலும் மூச்சை இழுங்கன்னுதான் சொல்லும். ஆனா, ‘ஐயோ பாவம்’னு மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்கறதில்ல பாரு, அது பிடிச்சிருக்கு.”

மே மாதம் ஆலோசகர் எழுதிக்கொடுத்ததும் நாற்காலிக்குத் திரும்பினாள். முடியாவிட்டால் ஆவணப் பிரிவோடு சரி என்று டேல் சொல்லியிருந்தான். காலிக் காபிக் கோப்பையை உறிஞ்சிக்கொண்டு அவள் பின்னால் நின்றான்.

மணி அடித்தது. கை பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அவள் மூச்சை மெதுவாக வெளியே விடுவது எனக்குக் கேட்டது. எடுத்தாள்.

“அவசர உதவி, எந்த இடம்?”

லேக்சைட் பகுதியிலிருந்து ஒரு கிழவர். பறவைக்கு வைத்த தானியத்தைக் கரடி தின்கிறதாம், கதவைத் திறந்து விரட்டட்டுமா என்கிறார்.

“திறக்காதீங்க. சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீங்க உள்ளயே உக்காருங்க, ஆள் அனுப்பறேன்.”

வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன.

“எப்படி இருந்துச்சு?” என்றான் டேல்.

“பயமா இருந்துச்சு” என்றாள், அறைக்கே கேட்கும்படி.

அடுத்த மணி அடித்தது. நடுங்குகிற கையாலேயே எடுத்தாள்.