பலகைக்கு மேலே தெரிந்த கப்பல்

காலர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, யாரோ ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைக் காலர் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தவர், எதிர்க்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். புகை மூக்கில் ஏறின பிறகுதான் பெட்டியைத் தூக்கினார். சலவைக்கடை முதலாளியம்மா திட்டவில்லை. கருகின காலரை மட்டும் வெட்டியெடுத்து, அவர் மேசைக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டினார்.

"போறப்ப வர்றப்ப பார்த்துக்கோ," என்றதோடு சரி.

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை உரியவில்லை. இப்போது ஐம்பத்திரண்டு வயது, தலைமை இஸ்திரிக்காரர், கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் அவர் காலர் அண்ணன்தான். அந்தத் துண்டுத் துணியும் அதே ஆணியில் மஞ்சளாகித் தொங்குகிறது. யார் கருக்கினது என்று கடைக்கே தெரியும். ஏன் கருகினது என்று அவருக்கும் அவருடைய தங்கைக்கும் மட்டும்தான் தெரியும்.

இஸ்திரி மேசை தெருவைப் பார்த்துக் கிடக்கும். எதிரே ஒரு டிவி விற்கிற கடை. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய டிவியை நாள் முழுக்க ஓடவிட்டிருப்பார்கள். கண்ணாடி தடிமன், தெருவில் வண்டிச் சத்தம், ஆகவே ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வராது. போதாததற்கு, கண்ணாடியின் கீழ்ப்பாதியில் 'இன்றே வாங்குங்கள்' என்று ஒரு அட்டைப் பலகையை ஒட்டி வைத்திருந்தார்கள். காலர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் திரையில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பலகைக்குள் போய்விடும். செய்தி வாசிக்கிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. பந்தாட்டக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அதில் ஒரு ஜப்பான் பொம்மைப்படத் தொடர் வரும். முதல் நாள் பார்த்தபோது காலருக்குச் சிரிப்புதான் வந்தது. முகத்தில் பாதிக்குக் கண். தலைமுடி ஒருத்திக்கு நீலம், ஒருத்தனுக்குப் பச்சை. வாய் மூன்றே தினுசில் திறந்து மூடும், அதற்குள் என்ன பேசிவிடப் போகிறார்கள் என்று நினைத்தார். பிறகு ஒரு இடம் வந்தது. யாரோ ஒரு கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆவி மேலே போகிறது, ஜன்னல் திரை ஆடுகிறது, வெளியே மேகம் நகர்கிறது. காலர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க ஆவியிலேயே நிற்கிற மனுஷன் அவர். ஆவி முதலில் நேராகப் போய், ஒரு முழ உயரத்தில் தயங்கி, அப்புறம்தான் கலையும். அதை அப்படியே வரைந்திருந்தான் எவனோ ஒருவன். ஊர் பற்றி எரிகிற கதையிலும் நின்று நிதானமாக மேகம் காட்டுகிறான் என்றால் அவன் நம்ம ஆள்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கதை என்னவோ மேகத்துக்கு மேலே பறக்கிற ஒரு கப்பலைப் பற்றியது. சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் உயரமான நாற்காலியில் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ஒரு பெண். எப்போது பார்த்தாலும் உட்கார்ந்தே இருப்பாள். பக்கத்தில் விளக்கும் கையுமாக ஒரு பையன்.

அதே மாதம்தான் அவருடைய தங்கை மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினோரு வயது, இவருக்கு இருபது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மூன்றாம் மாடி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், ஏழு மாதம். அம்மா ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். அப்பா இல்லை. வேலை முடிந்து காலர் வீட்டுக்குப் போனால் பிள்ளை சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் ஒரு வியாழக்கிழமை அந்தக் கப்பலை எடுத்துவிட்டார்.

எடுத்துவிட்டார் என்றால், கண்ணால் பார்த்தது பாதி, வாயால் வைத்துத் தைத்தது பாதி. கப்பலில் என்ன போகிறது என்று அவள் கேட்டாள், மருந்து என்றார். விளக்குப் பையன் யார் என்றாள், அண்ணன் என்றார். சுக்கான்காரிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கீச்சுக்குரல் கொடுத்தார்.

"அவ ஏண்ணே எப்பவும் உக்காந்தே இருக்கா?"

அதை அவர் யோசித்ததில்லை. யோசித்துப் பார்த்தார். மற்றவர்கள் வருகிறார்கள், போகிறார்கள், இவள் மட்டும் அந்த நாற்காலியை விட்டு எழுந்து அவர் பார்த்ததில்லை. "அவளுக்குக் கால் சரியில்லை பாப்பா," என்றார். பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துவிட்டார்.

தங்கை தன் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். "அப்புறம் எப்படிக் கப்பல் ஓட்டுறா?"

"கப்பல் ஓட்டக் கை போதும்."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கிழமைகளை வியாழனிலிருந்துதான் எண்ணியது. இருபத்தைந்து வியாழன் இப்படிப் போயிற்று. வக்கீலின் சட்டைக் காலர் கருகினது பதினாலாவது வியாழன். புயலில் கப்பல் குப்புறக் கவிழ்ந்த அன்று.

இருபத்தாறாவதுதான் கடைசி. அன்றைக்கு ஐந்து மணிக்குத் தலை நிமிர்ந்தால் எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் டிவி இல்லை. அந்த இடத்தில் ஒரு துணி துவைக்கும் எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. சலவைக்கடைக்காரன் முகத்துக்கு நேரே. காலர் தெருவைக் குறுக்கே கடந்து போய்க் கேட்டார்.

"அது காலையிலயே வித்துப்போச்சுங்க. வாஷிங் மெஷின் பார்க்கறீங்களா?"

"என்னைப் பார்த்தா வாங்கறவன் மாதிரியா இருக்கு?" என்று திரும்பி வந்துவிட்டார்.

கடைசிப் பாகத்தை மூன்று மாடி ஏறுவதற்குள் கட்டினார். முதல் மாடியில் கப்பல் புல்வெளியில் இறங்கியது. இரண்டாம் மாடியில் அண்ணன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். மூன்றாம் மாடியில் அவள் சுக்கானிலிருந்து கையை எடுத்தாள்.

"எந்திரிச்சாளா?"

"எந்திரிச்சா."

"நடந்தாளா?"

"பதினோரு அடி."

இரண்டு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். குச்சியாய் இளைத்த காலைப் பார்த்துப் பயந்து பிள்ளை தரையில் ஊன்றமாட்டேன் என்றது. அம்மா கெஞ்சினாள், டாக்டர் அதட்டினார். பிறகு அதுவாகவே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தது. பதினொன்றில் நின்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பார்வையை நினைத்தால் காலர் இப்போதும் பெட்டியை ஓரமாக வைத்துவிடுவார்.

தங்கை இப்போது பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டில் வேலை பார்க்கிறாள். அதே காலின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், வருகிற புதன்கிழமை ஆபரேஷன். புது மூட்டு வைக்கப்போகிறார்கள். திரும்ப எழுந்து நடப்போமா என்ற பயம் உள்ளுக்குள் பிறாண்டுகிறது, வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்தக் கப்பல் கதையைத் தேடிக் கொடு, அவள் எழுந்து நடக்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று.

கல்லூரிக்குப் போகிற அந்த மகள் ஜப்பான் கதையென்றால் சோறு தண்ணீர் வேண்டாமென்கிற ரகம். அறை முழுக்கப் படக்கதைப் புத்தகம், அதற்கு மேல் அடுக்கில் எழுத்து நிறையவும் படம் அங்கொன்று இங்கொன்றுமாக வருகிற சின்னச் சின்ன நாவல்கள். மூன்று வாரம் வலைபோட்டுத் தேடினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரே சலவைக்கடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, உங்ககிட்டத் தனியாப் பேசணும்."

"பேசு. சட்டைக்கெல்லாம் காது கிடையாது."

பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டையில் சிவப்புக் கழுத்துத்துணி. காலர் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்தையும் திறக்கிற மாதிரி அதைத் திறந்தார்.

"அது கடைசிப் பக்கம். ஜப்பான்காரங்க புத்தகத்தை அந்தப் பக்கமிருந்து திறக்கணும்."

"ஏன், இந்தப் பக்கம் திறந்தா சுளுக்கிக்குமா?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். திறந்த பக்கத்தில் அந்தப் பெண் கப்பலின் மேல்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை காலணி. இரண்டு கால். முப்பத்திரண்டு வருஷத்தில் அவளுடைய காலை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அவளுக்குக் கால் நல்லாத்தான் இருக்கு மாமா. முதல் பாகத்துலயே எந்திரிச்சு ஒருத்தனை உதைக்கிறா."

"யாரை?"

"விளக்கு வச்சிருப்பானே, அவனை. அவன் அண்ணனும் இல்ல, ஒண்ணும் இல்ல. கப்பலைத் திருட வந்தவன்."

"மருந்து?"

"உப்பு. கடத்தல் உப்பு." சிரிப்பை அடக்க அவள் படாதபாடு பட்டாள். "எப்படி மாமா? நீங்க பார்த்தது இதானா?"

காலர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். எதிரே இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. அந்த நாள் டிவிக்கடையின் தடிமனான கண்ணாடி, கீழே ஒட்டிய பலகை, உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே உயரமாய்க் காட்டின அந்த நாற்காலி, தவறவிட்ட முதல் பாகம், கேட்காத சத்தம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கிடைக்கலேன்னு அம்மாகிட்டச் சொல்லிடவா? கடைசிப் பாகம் நானே இன்னும் பார்க்கல. அவ எந்திரிக்கிறதை நம்பித்தான் அம்மா புதன்கிழமை போறாங்க."

காலர் ஒரு சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து, மடிப்பு விழாமல் முழுக் கையையும் இழுத்து முடித்தார். பிறகு சொன்னார். "ஆபரேஷனுக்குப் போறவகிட்டப் புதுசா ஒரு பொய் வேணாம். பழசே போதும்."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போக வசதியான இடம். தங்கை காலை நீட்டித் தலையணைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் முதல் பாகத்தைப் போட்டாள். நாலாவது நிமிஷம், சிவப்புத்துணிக்காரி நாற்காலியிலிருந்து குதித்து விளக்குக்காரன் வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டாள்.

தங்கை திரையைக் கைகாட்டினாள்.

"அண்ணே, இவ எந்திரிச்சுட்டா."

"ம்."

"நாலாவது நிமிஷத்துலயே எந்திரிச்சுட்டா. எந்திரிச்சு அவங்க அண்ணனை உதைக்கிறா."

"அவன் அண்ணன் இல்லையாம்," என்றார் காலர் தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கடைசி வியாழக்கிழமை டிவியே இல்லை என்பதையும் சொன்னார். தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப அந்தப் பதினோரு அடி?"

"மாடிப்படியில வரும்போது கட்டினது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலர் எழுந்து துணிப்பையை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்ட? உக்காரு," என்றாள், திரும்பாமலே. "முப்பது வருஷம் என்னை ஏமாத்திட்டுச் செருப்பைத் தேடுறான் பாரு. ஏய், கடைசிப் பாகத்தைப் போடு. சவுண்டை நல்லாக் கூட்டி வை. உங்க மாமா இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை."

மகள் போட்டாள். கீழே ஓடிய எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சுக்கான்காரியின் குரல் காலர் நினைத்ததுபோல் கீச்சென்று இல்லை, சளிபிடித்த மாதிரி கரகரவென்று இருந்தது. காற்றுக்கு ஒரு சத்தம் இருந்தது. கெட்டிலுக்குக்கூட. அவர் கன்னத்தில் கையூன்றி, இருபது வயதில் நின்ற மாதிரியே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

கடைசியில் கப்பல் உடைந்து ஒரு வயலில் இறங்கியது. அவள் சுக்கானை விட்டாள். அதன் பிறகு அவள் முகத்தைக் காட்டவேயில்லை. ஏணியில் இறங்கும் காலணி, தரையில் ஊன்றும் கால், புல்லில் நடக்கும் இரண்டு கால்கள். மேலே மேகம். அவ்வளவுதான், படம் முடிந்தது.

"எட்டு," என்றாள் தங்கை. அவள் எண்ணியிருக்கிறாள். "எட்டு அடிதான். நீ மூணு கூடப் போட்டுட்ட."

காலர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"பலகை இருந்திருந்தா உனக்கு இதுல என்னண்ணே தெரிஞ்சிருக்கும்?"

"மேகம் தெரிஞ்சிருக்கும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று திட்டிக்கொண்டே சிரித்தாள்.

புதன்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. மறுநாளே நடக்க வைத்தார்கள். எட்டாவது அடியில் போதும் என்று நர்ஸ் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தாளாம். விடும்மா, எங்க வீட்டுக் கணக்கு வேற என்று தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு மேலே மூன்று அடி வைத்ததாக மகள் வந்து சொன்னாள்.

வீட்டில் ஆறு வாரம் படுக்கை. அடுத்த வியாழக்கிழமை கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் காலர் போய்விட்டார். கட்டிலில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. கப்பல் கதை அதற்குமேல் நாவலாகத்தான் தொடர்கிறதாம், மகள் வரவழைத்திருக்கிறாள், ஆனால் முழுக்க ஜப்பான் எழுத்து. காலர் இந்தத் தடவை சரியான பக்கத்திலிருந்து திறந்தார்.

"இதை யார் படிக்கிறது?" என்றார்.

"எத்தனை படம் இருக்கு?"

ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணினார். "ஆறு."

தங்கை தலையணையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தாள்.

"போதும். ஆரம்பி."