பச்சையம்மாள் அக்காவின் மருந்து டப்பா

பச்சையம்மாள் அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் இறால் ஷெட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகன் பேசினான். "அம்மா போயிட்டாங்க மேடம்" என்றான். எனக்கு உடனே அழுகை வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் நான் முதலில் செய்தது, என் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான்.

மரக்காணம் ஷெட்டில் அவரோடு உட்கார்ந்து இறால் தலை கிள்ளிய உங்களுக்கு ஏனென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா பாதி வயதை உப்பளத்தில் கழித்தவர். முட்டி வலி வந்த பிறகுதான் ஷெட்டுக்கு வந்தார். அவர் வாய்க்கு முதலாளிகூடத் தப்பியதில்லை. விலங்கியல் படித்துவிட்டு, சரக்கின் தரம் பார்க்கும் வேலைக்கு நான் வந்த முதல் நாள், கையுறை மாட்டிக்கொண்டு ஓர் இறாலைத் தூக்கிப் பார்த்தேன். "ஏம்மா, வளையல் கடையில நிக்கிற மாதிரி ரெண்டு விரல்ல தூக்குற? நல்லா புடி, அது கோச்சிக்காது" என்றார். ஷெட்டே சிரித்தது. மறுநாள் கையுறையைக் கழற்றிவிட்டேன்.

இறாலின் தலையில் ஒரு கொம்பு உண்டு. அது குத்தாத விரல் எங்கள் ஷெட்டில் கிடையாது. குத்தினால் அக்காவிடம் போவோம். பக்கத்து இறால் பண்ணைக் குட்டையிலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் விரலைக் கழுவிவிடுவார். பிறகு மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அதிலிருந்த பொடியை ஒரு சிட்டிகை தூவித் துணியால் கட்டுவார். "உப்பு கண்ட கைக்கு ஒண்ணும் ஆவாது. பொடியும் போட்டாச்சு, போ, வேலையப் பாரு" என்பார். அந்தப் பொடி, குட்டையில் இறாலுக்கு நோய் வரும்போது தீவனத்தில் கலக்கும் கிருமிக்கொல்லி மருந்து, ஆன்டிபயாட்டிக். மீந்ததைப் பண்ணைக்காரர்கள் அவருக்குக் கொடுப்பார்கள். அதைக் கலக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இறாலைப் பிடிப்பதற்குச் சில வாரம் முன்பே நிறுத்திவிட்டால் வாங்குகிறவர்களின் சோதனையில் ஒன்றும் தெரியாது. சோதனையில் தெரியாவிட்டால் சரக்கு சுத்தம். நானே அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு தடவை, "இது இறாலு மருந்தாச்சே அக்கா, நமக்குப் போடலாமா?" என்று கேட்டேன். "இறாலு பொழைக்குதில்ல? நாம அதவிட மட்டமா?" என்றார். அதற்கும் சிரித்தோம். படித்தவள் நான். சிரித்துவிட்டு என் கட்டைவிரலை நீட்டினேன்.

அவர் போவதற்கு முந்தைய திங்கட்கிழமை அவருக்கே குத்தியது, வலது ஆள்காட்டி விரலில். வழக்கம்போலக் கழுவிப் பொடி போட்டுக் கட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை புறங்கை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "பொடி வேலை செய்யட்டும், நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது நமக்கெல்லாம் தெரியும். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. புதன்கிழமை காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்ட பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டர் அக்காவின் கையில் சிவப்பு பரவியிருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். "இதத் தாண்டுதான்னு பாக்கணும்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தாண்டியது. இன்னொரு வட்டம் போட்டார்கள். மருந்தை மாற்றினார்கள். அதையும் தாண்டியது. என் கண் முன்னாலேயே அது முழங்கைக்கு மேல் ஏறியது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை, அக்காவின் புண்ணிலிருந்த கிருமியைச் சோதித்த தாள் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர்கள். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் நேரே, வேலை செய்யாது என்று குறித்திருந்தது. விரலில் என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். சரக்கு சுத்தம் என்றுதான் சோதனை சொன்னது என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இறால்ல மருந்து இல்லாம இருக்கலாம்மா. மருந்துக்குப் பழகின கிருமி அங்கயேதான் இருக்கும். அது உப்புத் தண்ணியிலயே வளர்றது. நீங்க கழுவினதும் அதுலதான்" என்றார்.

அக்கா கண் மூடியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். டாக்டர் போனதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "மத்தவளுங்க கையெல்லாம் பாத்தியா?" என்றார். "பாக்குறேன் அக்கா" என்றேன். "அந்தப் பொடிய நான்தானே எல்லாருக்கும் போட்டேன். தெனம் பாரு" என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மகனின் போன் வந்தது.

ஷெட் நின்றது ஒரே ஒரு நாள். குட்டைகளில் இறால் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது நல்ல தண்ணீர்க் குழாயும் சோப்பும் வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் கையுறை கொடுத்தாயிற்று, கொம்பு அதையும் குத்திக்கொண்டு போகிறது. இனி எந்தச் சரக்கையும் சுத்தம் என்று எழுத என் கை வராது. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அக்காவின் டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. பாதிக்கு மேல் பொடி மிச்சம். சாக்கடையில் கொட்டினால் கழிமுகத்துக்குப் போகும். மண்ணில் புதைத்தால் மழைக்குக் குட்டைக்கே திரும்பும். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மூடியை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவர் ஒப்படைத்த இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. தினமும் வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று என்னிடம் கையை நீட்டுகிறீர்கள். ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறேன். நேற்று உங்களில் யாரும் என் கையைப் பார்க்கக் கேட்கவில்லை. முந்தாநாள் சாயங்காலம் என் இடது கட்டைவிரலில் கொம்பு குத்தியது. சோப்புப் போட்டுக் கழுவினேன், அன்றே டாக்டரிடமும் காட்டினேன். லேசான சிவப்புதான். சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் நிறுத்தி, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.