றிஸானாவின் கணினிக்குத் திகதி தெரியாது

யாழ்ப்பாணம் ஐந்துசந்திக்குப் பக்கத்தில் றிஸானா ஒரு தட்டச்சுக் கடை வைத்திருக்கிறாள். அங்கே இருக்கும் கணினிக்கு இன்றைய திகதி தெரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் போட்டதும், இது 2002ஆம் ஆண்டு, தை மாதம், முதலாம் திகதி என்று அடித்துச் சொல்லும். றிஸானா சுவர்க் கலண்டரைப் பார்த்து நாள், மாதம், ஆண்டு, நேரம் நான்கையும் கையால் திருத்திவிட்டுத்தான் தேத்தண்ணியைத் தொடுவாள். திருத்தாவிட்டால் மின்னஞ்சல் திறக்காது. பதின்மூன்று வருடமாக இதுதான் நடக்கிறது.

காரணம் மிகச் சின்னது. கணினிக்குள்ளே சில்லறைக் காசளவில் ஒரு பற்றறி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் நாளும் நேரமும் மறந்துபோகாமல் காப்பது அதன் வேலை. இவளுடைய கணினியில் அது எப்போதோ செத்துவிட்டது. புதிது போட ஐந்து நிமிடம் போதும். சொல்லாத ஆளில்லை. "நான் இருக்கிறன்தானே, பிறகேன் பற்றறி?" என்பாள் றிஸானா. கொஞ்சம் வாய்க்கொழுப்புத்தான். ஆனால் அவளுடைய கதை தெரிந்தவர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்த முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது அவளுக்கு ஆறு வயது. வளர்ந்தது புத்தளத்தில். தட்டச்சும் கணினியும் அங்கேதான் பழகினாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கணவன் சுப்யானோடு திரும்பி வந்தாள். அவன் பழைய இரும்பு வாங்கி விற்கத் தொடங்கினான். இவள் ஒரு பழைய கணினியை, அதன் முந்திய சொந்தக்காரர் விட்டுப்போன பாட்டு, படம், குப்பை கூழம் எல்லாவற்றோடும் வாங்கிக் கடையைத் திறந்தாள்.

அவளுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தது கல்வெட்டு. சைவ வீடுகளில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். அதைத்தான் யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது. முதலில் தேவாரம், பிறகு படம், வாழ்க்கை வரலாறு, வம்சம், கடைசியில் நன்றி. முதல் வருடம் கோப்பாயிலிருந்து வந்த ஒருவர், "முஸ்லிம் பிள்ளைக்கு உது சரிவருமோ?" என்று வாசலில் நின்றே கேட்டார். அடுத்த வருடம் தன் தமையனுடைய கல்வெட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். போன வருடம் அவருடையதையும் றிஸானாதான் அடித்தாள். நன்றாக வந்தது.

திகதி பிந்தியது என்று ஒரு கல்வெட்டுக்கும் இதுவரை பேச்சு வாங்கியதில்லை. செத்தவருடைய முப்பத்தோராம் நாளைத் தள்ளிப்போட முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்கு வேலையோடு வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், வேலையில்லாமல் வருகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நாகலிங்கம் மாஸ்ரர், இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர். பேப்பர் வாசிக்க வருவார். கணினியைப் பற்றி வழக்காடிவிட்டுப் போவார். லினக்ஸ் போட்டால் உலகத்தில் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது அவருடைய கட்சி. மற்றவன் பக்கத்துத் தொலைபேசிக் கடைக் கஜானன். எந்த வருத்தத்துக்கும் அவனிடம் ஒரே மருந்துதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோசைப் புதிதாகப் போடவேண்டும்.

"கால் நோகுது எண்டு போனாலும் நீ தலையை வெட்டித்தான் பாப்பாய்," என்பார் மாஸ்ரர்.

"உங்கடை லினக்ஸிலை பிரின்ரர் வேலை செய்ய வைக்க நீங்கள் மூண்டு நாள் மினக்கெட்டனீங்கள், மாஸ்ரர். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்," என்பான் கஜானன்.

றிஸானா இருவருக்கும் நடுவில் இருந்து தட்டிக்கொண்டே இருப்பாள். கணினியை நம்புவதா, மனிசரை நம்புவதா என்று கேட்டால் அவள் தன்னை நம்புவாள்.

அன்று சனிக்கிழமை. கோப்பாய் ஏரம்பு என்ற தோட்டக்காரருக்குத் திங்கட்கிழமை முப்பத்தொன்று. கல்வெட்டு முழுவதும் அடித்தாகிவிட்டது, நடுவில் ஒரு பக்கம் மட்டும் காலி. அது ஏரம்புவின் மனைவி பத்மாவதி தன் வாயால் சொன்ன பக்கம். அதைச் சேர்த்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு முன் அச்சகத்தில் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு அச்சகம் பூட்டு.

ஏரம்புவின் மூத்த மகன் சுபாஸ்கரன் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்தவர், ஐம்பது வயது மதிக்கலாம். கையில் மெல்லிசான ஒரு மடிக்கணினி. றிஸானாவின் கணினியைப் பார்த்த பார்வையிலேயே அவருடைய எண்ணம் தெரிந்தது.

"தங்கச்சி, உது இன்னும் ஓடுதோ?"

"ஓடும் அண்ணை, இருங்கோ," என்று றிஸானா ஆளியை அமத்தினாள்.

ஓடவில்லை. நீளமாக மூன்று தரம் கத்திவிட்டு, திரை கறுப்பாகவே நின்றது. சத்தம் கேட்டுக் கஜானன் வந்தான். பேப்பரை மடித்துக்கொண்டு மாஸ்ரர் எழும்பினார். வழக்கு ஆரம்பமாகியது.

"பவர் சப்ளை போட்டுது," என்றான் கஜானன்.

"பவர் இல்லாமல் உது எப்பிடிக் கத்தும்? யோசிச்சுக் கதை."

"பழசுக்கு மாரடிச்சு என்ன பிரியோசனம்?" என்றார் சுபாஸ்கரன். "நான் ஏழு வருசமா இதைத்தான் வைச்சிருக்கிறன், ஒரு நாள் கத்தினதில்லை."

"அப்ப உங்கடையிலை இந்த வெறும் பென்ரைவைச் செருகுங்கோ பாப்பம்," என்றார் மாஸ்ரர். சுபாஸ்கரன் தன் மடிக்கணினியின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அதற்கு ஏற்ற துளை இல்லை. இடையில் போடும் துண்டு கனடாவில் நின்றுவிட்டது. மாஸ்ரரின் முகம் மலர்ந்தது.

இவர்கள் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் றிஸானா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, றாம் என்கிற நினைவகத் துண்டைப் பிடுங்கி, மேசையில் கிடந்த அழிறப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தாள். கடல்காற்று உள்ள ஊரில் அந்தப் பற்களில் களிம்பு பிடிப்பதைக் கத்தும் சத்தத்திலேயே கண்டுபிடிக்க அவள் பழகி வைத்திருந்தாள். ஊதிவிட்டுத் திரும்பச் செருகினாள். திரை ஒளிர்ந்தது. 2002, தை, முதலாம் திகதி.

"கண்டீங்களோ?" என்றாள் மூன்று பேரையும் பார்த்து. கலண்டரைப் பார்த்துத் திகதியைத் திருத்தினாள். ஏரம்புவின் கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தாள். 'பத்மாவதி 1' இருந்தது. 'பத்மாவதி 2' இல்லை.

இன்னொரு தரம் தேடினாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே போனது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமைதான் பத்மாவதி வந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த வரலாற்றில் ஏரம்பு பிறந்தது, படித்தது, சங்கத்தில் பொருளாளராக இருந்தது எல்லாம் இருந்தன. "உதிலை அவர் இல்லை, பிள்ளை. நான் சொல்லுறன், நீ எழுது," என்று பத்மாவதி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். பாதியில் மின்சாரம் நின்றது. மின்வெட்டுக்குத் தப்பிய கோப்பை றிஸானா நம்புவதில்லை. அதை அப்படியே விட்டு, அடுத்ததைப் புதுக் கோப்பில் தொடங்குவது அவள் வழக்கம். மின்சாரம் வந்ததும் 'பத்மாவதி 2' என்று தொடங்கினாள். ஆனால் அப்போது பத்மாவதி அழுதுகொண்டு, இடையிடையே சிரித்துக்கொண்டு, ஐம்பது வருடமாகச் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுசியைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கோ, திகதி மாத்திப்போட்டு வாறன் என்று சொல்ல றிஸானாவுக்கு மனம் வரவில்லை. பதின்மூன்று வருடத்தில் அந்த ஒரு தரம்தான் அவள் திகதி திருத்தாமல் வேலை செய்தது. அந்தக் கோப்பு 2002ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாகப் பதிவாகியது.

வியாழக்கிழமை கணினியில் இடம் போதவில்லை. கஜானனைக் கூப்பிட்டு, "ரண்டாயிரத்துப் பத்துக்கு முந்தினது ஒண்டும் என்ரை இல்லை, எல்லாத்தையும் அழி," என்று சொன்னதும் அவள்தான்.

"கஜானன், குப்பைத்தொட்டியிலை கிடக்குமோ?"

கஜானனுக்கு முகம் வெளிறியது. "இல்லையக்கா. அடியோடை அழிச்சனான். நீங்கள்தானே..."

"ஓம். நான்தான் சொன்னனான்."

சுபாஸ்கரனுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட, அந்த மனுசியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயமாக இருந்தது.

"ஒரு பற்றறி," என்றார் சுபாஸ்கரன். "ஒரு பற்றறி போட உங்களுக்குப் பஞ்சி, சோம்பல். அம்மா இன்னொருக்கா அதைச் சொல்லமாட்டா. அண்டைக்கு வீட்டை வந்து படுத்தவ, ரண்டு நாள் எழும்பேல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

மாஸ்ரர் குறுக்கிட்டார். "பிள்ளை, உடனை கணினியை நிப்பாட்டு. உள்ளை இருக்கிற வன்தட்டைக் கழட்டித் தா. அழிஞ்சாலும் அடியிலை கிடக்கும். என்ரை லினக்ஸிலை போட்டு எடுத்துப் பாக்கலாம்."

"எவ்வளவு நேரம் எடுக்கும், மாஸ்ரர்?"

"பொழுதுபடும். வரும் எண்டும் சொல்லேலாது."

மணி பத்தே கால். நிற்பாட்டினால் கல்வெட்டு இல்லை. கல்வெட்டு முழுக்க அந்த ஒரு கணினியில்தான் இருந்தது, அடிக்க வேறு கணினியும் இல்லை. றிஸானா கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

"மாஸ்ரர், தட்டை மத்தியானத்துக்குப் பிறகு தாறன். சுபாஸ்கரன் அண்ணை, இருங்கோ. அம்மா சொன்னது எனக்கு மனப்பாடம்."

"ஒரு முழுப் பக்கமுமோ?"

"காதாலை வாங்கி விரலாலை இறக்கினது. போகாது."

அடிக்கத் தொடங்கினாள். சுபாஸ்கரன் நம்பாமல்தான் பக்கத்தில் வந்து இருந்தார். திரையில் எழுத்து ஏற ஏற அவருடைய உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது. அப்பா வெங்காயம் நடுகிற நாளில் யாரோடும் கதைக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். பத்மாவதி முதல் பிள்ளையைச் சுமந்த வருடம், இறைப்பு மெசின் பழுதாகி, முழுத் தோட்டத்துக்கும் பனையோலைப் பட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு வந்து, தோள்மூட்டு நோகிறது என்று சொல்லாமலே சுருண்டு படுத்தார் என்பது தெரியாது. அந்த முதல் பிள்ளை தான்தான் என்று கணக்குப் பார்த்து, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு தரமும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிசன், ஆசுப்பத்திரியில் தாதி "ஆரைக் கூப்பிட?" என்று கேட்டபோது "பத்மாவை" என்றது வந்த இடத்தில், கஜானன் வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

பதினொன்றுக்கு முடிந்தது. சுபாஸ்கரன் தொலைபேசியில் தாயைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். றிஸானா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு அடித்ததை முதலிலிருந்து வாசித்தாள்.

வாசித்து முடிய, "எல்லாம் சரி, பிள்ளை," என்றார் பத்மாவதி. "ஒரு வசனம்தான் குறையுது."

"ஓம் அம்மா. தெரியும்," என்று சொல்லிக்கொண்டே றிஸானா தொலைபேசியைக் கையில் எடுக்கப் போனாள். சுபாஸ்கரன் அதன் மேல் கையை வைத்தார்.

தொலைபேசியை றிஸானாவிடம் கொடுத்துவிட்டு மகன் தள்ளிப் போயிருப்பான் என்றே பத்மாவதி நினைத்தார். "அந்த மாங்காய்க் கதை, பிள்ளை. ஒவ்வொரு வருசமும் முதல் பிடுங்கிற கறுத்தக்கொழும்பானிலை பத்துப் பழத்தை மூத்தவனுக்கெண்டு வைக்கலுக்கை எடுத்து வைச்சது. இந்த முறை வருவான் எண்டுவார். அழுகப்போற நாளிலைதான் எங்களைத் தொடவிடுவார். பதினாலு வருசம். அதை ஏன் விட்டனீ?"



"போடுறன் அம்மா," என்றாள் றிஸானா. தொலைபேசி நின்றது.

"மறந்தோ போனீங்கள்?" என்று சுபாஸ்கரன் மெல்லக் கேட்டார்.

"இல்லை அண்ணை. நீங்கள் பக்கத்திலை இருந்தீங்கள்."

அவர் தன் மடிக்கணினியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "எழும்புங்கோ தங்கச்சி. அதை நான் அடிக்கிறன்," என்றார்.

றிஸானா எழும்பிக் கதிரையைக் கொடுத்தாள். எழுத்து அழிந்துபோன பழைய விசைப்பலகை. எந்த விசையில் எந்த எழுத்து என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒரு விரலால் தேடித் தேடிக் குத்தினார். 'மூத்தவனுக்கு' என்ற ஒரு சொல்லுக்கே ஐந்து நிமிடம் பிடித்தது. மாஸ்ரரும் கஜானனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். எந்த முறையில் அடித்தால் சுருக்காக முடியும் என்று இரண்டு பேரும் வழக்காடவில்லை.

பதினொன்றரைக்கு வசனம் முற்றுப்புள்ளிக்கு வந்தது. அவர் விரலை எடுக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது இனிப் போகாதுதானே?"

றிஸானா திரையின் மூலையைப் பார்த்தாள். நாள், மாதம், ஆண்டு மூன்றும் சரியாக இருந்தன. சுவர்க் கலண்டரையும் ஒரு தரம் பார்த்தாள்.

"போகாது அண்ணை," என்றாள். "கஜானன், நீ இதை அச்சகத்திலை குடுத்துப்போட்டு வரேக்கை ஒரு பற்றறியும் வாங்கிக்கொண்டு வா."