கம்பியைப் பிடித்த கை

அப்பாவின் நினைவுநாளுக்கு இணையத்தில் நான் போட்ட படம் தங்களுக்குச் சொந்தமானது, நஷ்டஈடு தர வேண்டும் என்று ஒரு புகைப்பட நிறுவனம் கடிதம் அனுப்பியது. சுரங்கத்திலிருந்து மேலே வந்த கேஜில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பிக் கூண்டில், முகமெல்லாம் புழுதியாக நிற்கும் ஆட்களின் மங்கலான படம்; இணையத்தில்தான் எனக்குக் கிடைத்தது. முன்னால் நிற்பவரைப் பார்த்ததும், "அவரேதான்டா" என்று அம்மா அழுதாள். அப்பாவுக்கு வேறு படமே கிடையாது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் கொடுத்த ஊரிகம் லைன் வீட்டுச் சுவரில் இதை மாட்டித்தான் தினமும் பூ வைக்கிறாள்.

அதையே பதிலாக எழுதினேன். அங்கே யாரோ இளகிய மனதுக்காரர். பணம் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தெளிவான பெரிய படத்தையும் அனுப்பியிருந்தார். கேஜின் கம்பியைப் பிடித்திருந்த இடது கையில் ஐந்து விரல்கள் இருந்தன. அப்பாவுக்குப் பிறவியிலேயே அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை.

"இன்னாடா எழுதிக்கிறாங்க?"

"வச்சிக்கச் சொல்லிட்டாங்கம்மா."

"சொல்றதுக்கு அவங்க யாரு? எம் புருசன் மூஞ்சிக்கு அவங்களக் கேக்கணுமா?"

இவர் என் அப்பா இல்லை, மன்னியுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, இணையத்திலிருந்து படத்தை நீக்கினேன். அந்த ஒரு வரிக்கு மத்தியானம் முழுக்க ஆனது. அடுத்த அறையில் அம்மா யாரோ ஒருவருக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டிருந்தாள்.