திரும்பாத லொறியின் வரி

பழைய பெட்டியைத் திறந்ததும் டீசலும் தேயிலைத் தூசும் கலந்த வாடை எழுந்தது. உள்ளே, பதுளையில் என் வாப்பா நடத்திய லொறிக் கம்பனியின் பதிவேடுகள். திரும்பாத லொறியை மறுநாள் பக்கத்தின் முதல் வரியிலும் எழுதுவது அங்கே வழக்கம் என்பதால், மடுல்சீமைக்குப் போய் மழையில் லொறியோடு காணாமற்போன செல்லையா டிரைவரின் பெயரை வாப்பா இரண்டு வருடமாய்த் தினமும் எழுதினார். செல்லையாவின் மனைவி ஞாயிறுதோறும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்து அதை விரல்வைத்துப் படித்துவிட்டுப் போவார்.

வாப்பா இல்லாத ஒரு ஞாயிறு, அந்த அக்கா சிரிக்கட்டும் என்று, ஒன்பது வயதில் நான் அந்த வரிக்கு நேரே 'வந்தாச்சு' என்று எழுதிவைத்தேன்.

படித்ததும் முற்றத்துக்கு ஓடி லொறி லொறியாக ஏறிப் பார்த்தவர், "பாப்பா, அவரு எங்க?" என்றார்.

மறுநாள் பக்கத்திலும் வாப்பா அந்தப் பெயரை எழுதியிருக்கிறார். படிக்கத்தான் அக்கா பிறகு வரவேயில்லை.