சிதம்பரம் வரைக்கும் போகும் முடி

காரப்பொடி மீனைக் கூறு போட்டுக் கொடுத்து, காசை வாங்கி இடுப்பில் செருகிய பிறகும் பூவம்மாள் நீட்டிய கையை மடக்குவதில்லை. கடலூர் முதுநகரில் அவளிடம் மீன் வாங்கும் வீடுகளுக்கு அது எதற்கென்று தெரியும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பையைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். உள்ளே இருப்பது முடி. தலை வாரும்போது சீப்பில் வந்ததை விரலில் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கிப் போட்டு வைத்தது. மீன் அன்னக்கூடை தலையில் என்றால் முடி போடும் பை இடுப்பில். "மீனு வேற, மசுரு வேற. ரெண்டையும் ஒண்ணா வச்சன்னா நாளைக்கி எவ எங்கிட்ட வாங்குவா?" என்பாள்.

சிக்குமுடி என்று இதற்குப் பெயர். சவுரிக்கும் விக்குக்கும் போகிறதாம். எங்கே போனால் என்ன, சிதம்பரத்திலிருந்து மொபெட்டில் வரும் ராஜமாணிக்கம் எடை போட்டு நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார். அவரிடம் முடி போடும் மற்ற பெண்களுக்கு எவர்சில்வர் டப்பா, பூவம்மாளுக்கு மட்டும் ரொக்கம். அதில் ஒரு ரூபாயைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவ்வளவும் இளவரசு வேனுக்கு டீசல்.

இளவரசின் அண்ணன் கிட்னி போய், டயாலிசிஸுக்கு பஸ்ஸில் அலைந்து அலைந்தே செத்தார். அந்த ஆத்திரத்தில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேனைக் கழுவி, சீட் போட்டு, கடலோரக் குப்பங்களிலிருந்து சிதம்பரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வாரம் இரண்டு முறை சும்மாவே ஏற்றிப்போக ஆரம்பித்தான். "நான் ஓட்டறேன், கூலி வேணாம். டீசல மட்டும் ஊரு பாத்துக்கட்டும்" என்றான். ஊர் முதல் மாதம் பார்த்துக்கொண்டது. அப்புறம் ஊருக்கு ஆயிரம் வேலை.

பூவம்மாளுக்கு அந்த வேன் ஓடியே ஆகவேண்டும். எதிர்வீட்டு ரத்தினம்மாளின் மகள் ப்ரீத்தி அதில்தான் போகிறாள். கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோன பெண். பூவம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் குழந்தை பாதி நேரம் இவள் வீட்டில்தான் வளர்ந்தது. டீசலுக்காகப் பூவம்மாள் டீக்கடையில் உண்டியல் வைத்துப் பார்த்தாள். சங்கிலியோடு சேர்த்து எவனோ தூக்கிக்கொண்டு போனான். பழைய பேப்பர் கேட்டுப் பார்த்தாள். "பேப்பரு யாருக்கா வாங்கறா, எல்லாம் போன்லதான்" என்றார்கள். மீன் விற்ற மீதிச் சில்லறையைத் தர்மத்துக்கு விடச் சொன்னாள். "ஜிபே இருக்கா?" என்று கேட்டார்கள். கடைசியில்தான் சீப்பு கண்ணில் பட்டது. "காசு வேணாம் தாயீ. சீப்புல வர்றதக் குடு, போதும்." சீப்பில் வருவதைக் கொடுக்க யாருக்குக் கசக்கும்? தெருத்தெருவாகக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு பூவம்மாள் மனுஷர்களை முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். கண் நேராகத் தலைக்குப் போகும். யார் முடி எவ்வளவு தூரம் வண்டி ஓட்டும் என்பதுதான் அவள் கணக்கு. "டீச்சரம்மாது ஆலப்பாக்கம் வரைக்கும் போவும். சந்துவூட்டு மருமவ புதுச்சத்திரம். அந்தக் கோடி வூட்டுல அக்கா தங்கச்சி மூணு பேரு, முட்லூரத் தாண்டி வெள்ளாத்துப் பாலத்துல ஏத்தி உட்டுடுவாளுங்க." முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்து, "அடிப்பாவி, வண்டிய நடுரோட்டுல நிறுத்திட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெயிலில் உட்கார்ந்து வெள்ளை முடியைப் பிரித்து எடுப்பாள். ராஜமாணிக்கம் வெள்ளை வாங்கமாட்டார். "உன் தலைய என்னா பண்றது? டை அடிச்சிக்கக்கா" என்று சீண்டுவார். "சாயம் போட்டதும் எடுக்கமாட்டன்னு எனக்குத் தெரியாதாக்கும்? போய்யா." அவள் தலை முழுக்கப் பஞ்சு. காலையில் தலை வாரி, சீப்பில் வந்ததை விரலில் சுற்றி, தூ தூ என்று துப்பி வேலியோரம் எறிந்துவிடுவாள். "என்னுது தெருமுன வரைக்குங்கூட போவாது."

ப்ரீத்திக்கு அந்த வைத்தியத்தில் முடி கொட்டியது, கொத்துக் கொத்தாக. அழவேண்டியவள் சிரித்தாள். பந்தாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்வாசலுக்கு வருவாள். "பெரிம்மா, என் வண்டிக்கு நானே டீசல் போடறேன் பாரு. என்னுது எதுவரைக்கும் போவும்?"

"சிதம்பரம் வரைக்கும் போவும்டி. போயி, திரும்பியும் வந்துடும்."

வாங்கிக்கொள்வாள். ஆனால் அதை மட்டும் பொது மூட்டையில் போட்டதில்லை. எத்தனையோ பேர் முடியை விற்ற கைக்கு அந்தப் பிள்ளை முடியை எடை போடக் கொடுக்க மனசு வரவில்லை. நோவில் உதிர்ந்ததைக் காசாக்குவதா? ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பூச்சி அரிக்காமல் கற்பூரம் வைத்து, பரணில் வைத்திருந்தாள். என்றைக்காவது உடம்பு தேறி, தலை நிறைய முடி வளர்ந்து, கல்யாணத்துக்குச் சவுரி வைத்துப் பின்னுவார்களே, அப்போது அவள் முடியிலேயே சவுரி செய்து கொடுக்கலாம் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடியில் படகுக்காரர் ஒருவரின் மருமகளுக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. பாவம், முதல் பிள்ளை. பார்க்க வந்தவர்களில் யாரோ, "தலமுடிய வெளியாளுக்குக் குடுத்தியா?" என்று கேட்டுவைத்தார்கள். அவ்வளவுதான். காலடி மண்ணும் தலைமுடியும் எதற்கு ஆகும் என்று இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். செய்வினை வைக்கிறவன் முதலில் கேட்பது முடியைத்தானே!

ஒரே வாரத்தில் கதவுக்குப் பின்னால் இருந்த பைகள் காணாமல் போயின. "இப்பல்லாம் முடி கொட்டறதே இல்லக்கா" என்றார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை, தெரு முழுக்கச் சொல்லிவைத்தாற்போல் முடி கொட்டுவது நின்றுவிட்டது! கேட்டுச் சிரித்த பூவம்மாள், கோடி வீட்டுப் பெண் தன்னைக் கண்டதும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டதைப் பார்த்தபின் சிரிக்கவில்லை. மீனும் ஓடவில்லை. வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. "எத்தினி வருசமா என் கையால மீனு துன்னவங்க! நான் எந்தக் குடியக் கெடுத்தேன்?" என்று நடுத்தெருவில் கூடையை இறக்கி வைத்துக் கேட்டாள். ஒரு கதவும் திறக்கவில்லை.

இளவரசு தன் கைக்காசில் கொஞ்ச நாள் ஓட்டினான். ஒருநாள் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "அத்த, முடியல அத்த" என்றான். வேன் மறுபடியும் மீன் ஏற்றப் போய்விட்டது.

ரத்தினம்மாள் மகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது சமாளித்தாயிற்று. திரும்பும்போது உட்கார இடமில்லை. ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே பெண் நின்றவாக்கில் சரிந்துவிட்டாள். அடுத்த முறை ப்ரீத்தி வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த முறையும் போகவில்லை. முகம் வீங்கிப்போயிற்று, மூச்சு வாங்கிற்று. பயந்துபோன தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் குறி சொல்கிறவரிடம் ஓடினாள்.

அங்கிருந்து நேராகப் பூவம்மாள் வாசலுக்குத்தான் வந்தாள்.

"யக்கா, எம் பொண்ணு முடியக் குடுத்துடு."

"எதுக்குடி?"

"முடி எவ கையிலியோ இருக்குதாம். அது இருக்கற வரைக்கும் உசுரு தங்காதுன்றாரு. நீதான எல்லாருதும் வாங்கன? எங்க வித்த, யாருகிட்ட குடுத்த, சொல்லு. கால்ல உழுவறேன்."

"ரெண்டு மொற ஆஸ்பத்திரிக்கிப் போவலடி, அதான் அவளுக்கு இப்பிடி ஊதுது. கூட்டிக்கினு போ. நான் வந்து தாங்கிப் புடிச்சிக்கறேன், வா போவலாம்."

"முடியக் குடுக்கா!"

முடி விற்றுப் போயிருந்தால்தானே இவள் பயப்படவேண்டும், ஓர் இழைகூட வெளியே போகவில்லை என்று காட்டினால் மனசு ஆறிவிடும், பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்று பூவம்மாள் நினைத்தாள். பரணிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்து காட்டினாள். "இந்தா, பாரு. ஒண்ணுகூட விக்கலடி. அப்பிடியே இருக்குது."

கற்பூர வாசனை அடித்தது. ரத்தினம்மாள் டப்பாவைப் பார்த்தாள், பூவம்மாளைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"எல்லாரு முடியும் வித்த. எம் பொண்ணுத மட்டும் ஏன் தனியா வச்ச? கற்பூரம் எதுக்கு வச்ச?"

சவுரி, கல்யாணம் என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? "ஆசடி" என்று மட்டும் சொன்னாள் பூவம்மாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய், இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவிலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள் ரத்தினம்மாள். முடி கருகுகிற நாற்றம் குப்பம் முழுக்கப் பரவியது. ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து ப்ரீத்தியின் குரல் மூச்சுக்கு நடுவே வந்தது. "அத ஏம்மா கொளுத்தற, நான்தாம்மா குடுத்தேன்." ரத்தினம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பூவம்மாள் அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் டயாலிசிஸ் நாள். முன்பெல்லாம் வேன் வந்து ஹாரன் அடிக்கிற நேரத்துக்குப் பூவம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எதிர்க்கதவு திறக்கவில்லை. தெருவில் சாம்பல் அப்படியே கிடந்தது. சீப்பில் வந்த வெள்ளை முடியை எடுத்து விரலில் சுற்றினாள், துப்புவதற்கு வாயருகே கொண்டுபோனாள். துப்பவில்லை. எழுந்து உள்ளே போய், கதவுக்குப் பின்னால் ஆணியில் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்த, ஊர் முடி வாங்கும் தன் பையைத் திறந்து, வெள்ளை என்று பார்க்காமல் அதற்குள் போட்டாள்.